பாத்திக்குச் சட்டம் போட்டவர்

புதுச்சேரிக்குச் சட்டம் போட்டவர்கள் எத்தனையோ பேர். கடல் தாண்டி வந்து போட்டவர்கள் உண்டு, கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டே போட்டவர்களும் உண்டு. ஆனால் போட்ட சட்டத்தைச் சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் இறக்கி, அசைகிறதா என்று காலால் உதைத்தும் பார்த்தவர், மூலக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். ஊர் அவரை ‘சட்டம் சார்’ என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

அவர் வக்கீல் இல்லை. ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டப் பாத்திகளைச் சுற்றி மரச்சட்டம் அடித்து நிறுத்துவதை அவர் கலை என்பார். அவர் மனைவி வியாதி என்பார். அது தொற்றிய இடம் பாரிஸ். அங்கே வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போனவர், எல்லோரும் இரும்புக் கோபுரத்தைப் பார்த்து வாய் பிளக்கும் ஊரில், யாரோ ஒருவர் வீட்டுக் கீரைப் பாத்தியின் மர விளிம்பைப் பார்த்து மெய்மறந்து நின்றுவிட்டாராம்.

“அதுக்குப் பிரெஞ்சுல பேரு பொர்துய்ர் சார். அங்கல்லாம் மண்ணு அதோட எடத்துல இருக்குது. நம்ம ஊர்ல மண்ணு நெனச்சா ரோட்டுக்கு வருது, ரோடு நெனச்சா வூட்டுக்குள்ள வருது” என்பார்.

“பொர்துய்ரோ பொறுத்தாரோ, பொறுத்துக்கினு இருக்கறது நான்தான்” என்று உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாள் குரல் கொடுப்பார்.

பொறுமைக்குக் காரணம் இருந்தது. நகரத்தில் எங்கே பழைய வீடு இடித்தாலும் சார் அங்கே போய் நிற்பார். தேக்கு உத்தரம், ஜன்னல் நிலை, மாடிப்படிக் கைப்பிடி எதுவும் தப்பாது. கரையான் ஏறக்கூடாது என்று அதற்கெல்லாம் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவார். தெருவே மெக்கானிக் ஷெட் மாதிரி மணக்கும். ஒரு மாதம் ஊரில் ஒரு வீடும் இடிபடவில்லை. அம்மாள் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த தேக்குக் கட்டில் இடிபட்டது.

“நான் பாயில படுக்கறேன். தக்காளி தேக்குல படுக்குது” என்று தெருவில் நின்று அறிவித்தார் அம்மாள். அந்த வருஷம் தக்காளி நன்றாகத்தான் காய்த்தது. அம்மாள் அதைத் தொடவில்லை.

பெயரால் வந்த வினையும் உண்டு. ஒருநாள் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, தம்பியோடு வந்து, “சட்டம் பாக்கறவரு வூடு எது?” என்று கேட்டார். நானே காட்டிவிட்டேன்.

“எங்க பெரியப்பா மவன் வரப்பத் தள்ளித் தள்ளி உள்ள வந்துட்டான் சார். இன்னா பண்ணலாம்?”

சாரின் முகத்தில் ஒளி பரவியது. “மண்ண அணைச்சுக் கட்டாதது ஒங்க தப்பு. மொதல்ல மூலைக்கு மூலை முளை அடிங்க. கயிறு புடிங்க. சட்டத்த ஒரு சாண் பூமிக்குள்ள எறக்குங்க. அப்பறம் எவன் தள்ளுறான்னு பாக்கலாம்.”

‘பூமிக்குள்ள’ என்ற இடத்தில்தான் தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு வரவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சில வாரம் கழித்து இருவரும் பலாப்பழத்தோடு வந்தார்கள். வரப்பில் இறங்கிய சட்டத்தைப் பார்த்ததும் பெரியப்பா மகன் கோர்ட்டு ஆணை என்று பயந்து அடங்கிவிட்டானாம்.

இந்தப் புகழ் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் காதுக்கும் போனது. நகரில் ஒரு பூங்கா உண்டு. அதாவது பூங்கா என்று ஒரு பலகை உண்டு. அதைத் திறந்துவைக்க ஒரு பிரமுகர் வர ஒப்புக்கொண்டதும், பூ வேண்டுமே என்று சங்கம் விழித்துக்கொண்டது. செடி வைக்கும் வேலை, தெருவைப் பெருக்க வரும் அஞ்சலைக்கு. பாத்திக்கு விளிம்பு கட்டும் பொறுப்பு சட்டம் சாருக்கு.

சார் ரசமட்டமும் மூலைமட்டமும் கயிறுமாக வந்தார். மூன்று பக்கம் தேர் மாதிரி நின்றது. நாலாவது பக்கம் கயிறு நேராகப் போய், தலைவர் வீட்டுக் கார் ஏறும் சிமென்ட் சரிவில் முட்டியது. சரிவின் பாதி பூங்காவுக்குள் இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருப்பதற்குத்தானே நலச் சங்கம்?

தலைவர் சிரித்தபடி வந்தார். “இங்க மட்டும் கொஞ்சம் வளைச்சு அடிச்சுடுங்க சார்.”

“மரம் வளையாது சார்.”

“மனசு வச்சா வளையும்.”

“மனசு வளையும். தேக்கு வளையாது. ஒங்க சரிவ எடுத்துடுங்க.”

சாருக்கு ஆக்கிரமிப்பு பற்றியெல்லாம் கவலை கிடையாது. அவரே வீட்டு வாசலில் செம்பருத்திக்காகச் சாலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டவர். அவருக்கு உறுத்தியது கோணல் ஒன்றுதான். அன்று மாலையே சங்கம் கூடி, ‘பாத்தி வளைந்தே இருக்கும்’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. சாரின் மரம் திரும்பி வந்தது. பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் விளிம்பு வந்தது. அது தலைவர் சொன்ன பக்கமெல்லாம் வளைந்தது.

சார் வந்த கோபத்தில் அந்த மரத்தை விறகுக் கடைக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் பிளாஸ்டிக் விளிம்பு சாக்கடையில் பாம்பு மாதிரி மிதந்து போய்க்கொண்டிருந்தது. பாத்தி மண் முழுவதும் மேடைக்கு முன்னால் கிடந்தது. அஞ்சலை சேற்றில் குனிந்து சாமந்திச் செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அல்லாம் பூட்டுச்சு சார். மொட்டு வுட்டிருந்துச்சு” என்றாள் என்னிடம். அழுதாளா, மழையா என்று தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டம் சார் நின்றிருந்தார். திரும்பி நடந்தார். சற்று நேரத்தில் அவர் தோட்டத்தில் பலகை பெயரும் சத்தம் கேட்டது. சொந்தத் தக்காளிப் பாத்தியைப் பிரித்துக்கொண்டிருந்தார்! கட்டில் சட்டத்தின் ஒரு முனையை அவரும், மறுமுனையை அம்மாளும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பின்னால் நானும் நாலு பலகையோடு ஓடினேன்.

மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கம் அதே சரிவு. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் சரிவைப் பார்த்தார், அஞ்சலையின் முந்தானையைப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து, நீளச் சட்டத்தைச் சாண் சாணாக அறுத்தார். துண்டுகளை ஒன்றையொட்டி ஒன்றாக நிற்க வைத்து, சரிவைச் சுற்றி வளைவாக அடித்துக்கொண்டே போனார்.

“மரம் வளையாதுன்னீங்களே சார்?” என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

“மரம் எங்க வளைஞ்சுது? முதுகுதான் வளைஞ்சுது. அந்த முளையக் குடுங்க” என்று எரிந்து விழுந்தார்.

அஞ்சலை மண்ணை வாரிப் போட்டுச் செடிகளை மறுபடி நட்டு முடிக்கவும் பிரமுகர் வந்தார். பாத்தி ஓரத்தில் தடுக்கி, விழாமல் சமாளித்து, “நல்ல உறுதி” என்று பாராட்டினார். பாராட்டையும் பொன்னாடையையும் தலைவர் வாங்கிக்கொண்டார். சாருக்கு ஒரு லட்டு வந்தது. அதையும் அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, “நாலாவது பக்கத்த யாரும் போட்டோ எடுக்காதீங்கப்பா” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சாமந்தி பூத்தது. அம்மாள் சாயங்காலம் அந்தத் தேக்குச் சட்டத்தின்மேல் வந்து உட்கார்ந்து, “என் கட்டிலு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

இப்போது இருவரும் பாரிசில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். தை பிறந்ததும் வருகிறார்கள். இந்த மழையில் பூங்கா மூலையில் ஒரு முளை ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு கல்லை எடுத்துத் தட்டினால் இறங்கிவிடும். அவர் வந்து என்னைத் திட்டிக்கொண்டே அடிக்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.