பிளேக் அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் செத்த எலிக்குத் துக்கம் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் பிளேக் அண்ணாச்சிதான். தம்பானூரில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு மேனேஜர், திருநெல்வேலிக்காரர். அறைச் சாவி கேட்டால் கூடவே பிளேக் சரித்திரமும் இலவசம்.

"எலியைத் திட்டாதீரும் வே. முதல்ல சாவுறதே அதுதான். பொறவு அது மேல இருந்த தெள்ளுப்பூச்சி மனுசனைத் தேடி வருது. தெள்ளும் பாவம். கிருமி அது தொண்டையை அடைச்சிரும். ரத்தம் உள்ள இறங்காது. பசியில திரும்பத் திரும்பக் கடிக்கும்."

"அப்போ கிருமிதானே குத்தவாளி?"

"அந்தக் கிருமிக்குப் பேரு யெர்சினியா பெஸ்டிஸ். ஐரோப்பாவுல மூணுல ஒரு பங்கு சனத்தைத் தின்னுச்சு. இன்னைக்கு மாத்திரைக்கு அடங்கிப்போகுது. அதுவும் பாவம்தான்."

காய்ச்சலோடு தொடை இடுக்கில் நெறி கட்டினால் பிளேக் என்று லாட்ஜில் எல்லோருக்கும் பாடம் நடத்தி வைத்திருந்தார். அதுதான் வினையாயிற்று. கட்டட வேலை செய்த வள்ளியூர் முருகனுக்கு ஒரு நாள் காய்ச்சல். இடுக்கில் எலுமிச்சை அளவு நெறி. அறைக்கூட்டாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மலையாளியான லாட்ஜ் முதலாளி பதறி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, இவனை இப்பத்தன்னே நாகர்கோவில் பஸ்ஸுல ஏத்தி விடு. இல்லெங்கில் லாட்ஜைப் பூட்ட வேண்டி வரும்."

முருகனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. "ரோட்டுல விட்டுராதீங்க அண்ணாச்சி" என்று அழுதான்.

அண்ணாச்சி வெளிறிப்போனார். இத்தனை வருஷம் பேசிப் பேசித் தீர்த்த பிளேக் நேரிலேயே வந்துவிட்டதாக அவரும் நம்பிவிட்டார். ஒரு துண்டை அவன் முகத்திலும் இன்னொன்றைத் தன் முகத்திலும் கட்டினார். கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கிருமியின் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியாததால் யாரும் ஓடவில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முருகனின் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் ஆணி குத்திச் சீழ் வைத்திருந்தது. நெறி கட்டியது அதனால்தான்.

ஊசி போட்டு அவனைப் படுக்க வைத்த பிறகு வராந்தாவில் கேட்டேன்.

"பிளேக்குன்னு நம்பித்தானே மடியில போட்டுக்கிட்டீங்க. பயமா இல்லையா?"

"பயம் இல்லாம? அதான் மூஞ்சியில துண்டைக் கட்டினேன். அந்தக் காலத்துல பம்பாய்ல பிளேக் வந்தப்போ சனம் ஊரை விட்டே ஓடிச்சு. எத்தனையோ காய்ச்சக்காரன் தனியாக் கிடந்து செத்தான். இவனுக்குப் பிளேக்கே வந்திருந்தாலும் மருந்து இருக்கு வே. கூட வர ஆளு வேண்டாமா?"

இப்போது நான் கரமனையில் குடும்பத்தோடு இருக்கிறேன். உடம்பு லேசாகச் சுட்டாலும், வீட்டில் சொல்வதற்கு முன்னால் அண்ணாச்சிக்குத்தான் போன் போடுகிறேன்.