அவசரம் என்று மட்டும் சொல்லும் பெட்டி

சேசு மரி சூசை

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
18-8-1988

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் ஜெபதுரை அவர்களுக்கு, கஸ்பார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்கா கித்தேரியம்மாளும் மகள் அமலியும் ஆண்டவர் தயவால் சுகம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். மரியாதையெல்லாம் இந்தப் பத்தியோடு தீர்ந்துபோகிறது என்பதைத் தாங்கள் கவனிக்கவும்.

நீங்கள் உங்கள் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்த கம்ப்யூட்டர், காரட் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்த் திரும்பிய பொன்னுச்சாமியின் லாரியில், மாதா பரலோகத் திருநாளன்று வீட்டில் வந்து இறங்கியது. "புள்ளத்தாச்சியக் கூட்டியாற மாதிரி கொண்டாந்திருக்கேன் சார், ஒரு குலுக்கல் கெடையாது" என்று பொன்னுச்சாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நல்ல நாளாயிற்றே என்று பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கவும் செய்தோம். வழியில் ஆடாமல் இருக்க உள்ளே அடைத்த செய்தித்தாளை எடுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள். நானே மூடியைக் கழற்றி அதை எடுத்தேன். புது வண்டியோ தையல் மெஷினோ வந்தால் நம் வீட்டில் என்ன செய்வோமோ, அதையும் ஒரு குறையில்லாமல் செய்துதான் திருகாணியை முடுக்கினேன். பனிக்கு விறைத்துப்போகாமல் என் கம்பளிச் சால்வையைக்கூட அதற்குப் போர்த்தினேன். ஆகவே எங்கள் பக்கம் ஒரு தப்பும் கிடையாது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளவும்.

ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டாகவே கிடக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை. ரிட்டையர் ஆகிற நாள் வரைக்கும் தபால் ஆபீசில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவன் காதில் அது என்னவென்று விழும்? ஏ, பி, சி, டி என்கிற இங்கிலீஷ் டி! அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் டி. எங்கள் இலாகாவில் சேதிக்கு முன்னால் டி வந்தால் அது அவசரத் தந்தி. யாருக்கு அவசரம், என்ன அவசரம், உயிரோடு இருக்கிறார்களா இல்லையா, ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது! அவசரம் என்று கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் தந்தியை என் சர்வீசில் நான் பார்த்ததே இல்லை. சரி, எதிர்முனையில் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் போலும் என்று, பேனாவால் மேஜையில் 'மேலே சொல்லவும், மேலே சொல்லவும்' என்று தந்திக் கணக்கில் தட்டினேன். உன் அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "ஏங்க, ஆபீசுல அடிச்சது பத்தலையா? அந்த மேசை உங்கள என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உங்கள் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நேரம் பார்த்துப் பேசவே வராதா?

மறுநாள் வெள்ளனே எழுந்து மழையில் நனைந்துகொண்டு தபால் ஆபீசுக்குப் போய் உனக்கு டிரங்க் கால் போட்டேன். நான் உட்கார்ந்து வேலை பார்த்த அதே ஆபீஸ். எனக்குக் கீழே வேலை பார்த்த பயல்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். நீ என்ன சொன்னாய்? "அத்தான், அது இங்கிலீஷ் எழுத்து இல்ல. மெஷின் தனக்கு என்ன நோவுன்னு தானே சொல்ற சத்தம் அது. ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா, திரையில படம் காட்டுற அட்டை சரியா உக்காரலைன்னு அர்த்தம். மூடியத் தெறந்து அந்த அட்டையைக் கொஞ்சம் அழுத்தி விடுங்க, போதும்" என்றாய். அதோடு விட்டாயா? "இது தந்தி இல்ல அத்தான்" என்று சிரித்தாய். சிரித்தாயா இல்லையா? லைன் கரகரப்பு என்று மழுப்பாதே. கரகரப்பு எது, சிரிப்பு எது என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற குருநாதன், நான் கைபிடித்துத் தந்தி பழக்கிவிட்ட பயல், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். அன்றைக்கு அந்த ஆபீசில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அமலி திருப்புளியோடு நிற்கிறாள். "அப்பா, மாமா சொன்ன மாதிரி ஒரு தடவ தெறந்து பாத்துருவோமே." கையை வைத்தால் தெரியும் சேதி என்றேன். சாமியார் மந்திரித்து, நான் சகலமும் செய்து மூடிய பெட்டியை, நீ அங்கேயிருந்து சிரித்தாய் என்பதற்காக இங்கே திறக்க வேண்டுமா? நோவு வந்தவன் 'எனக்கு இங்கே வலிக்குது' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே! அதென்ன ஒரு நீளம், இரண்டு குட்டை? பேச வராத மெஷினைச் செய்துவிட்டு, அது கூவுவதற்கெல்லாம் உட்கார்ந்து அர்த்தம் கண்டுபிடிக்க ஊரில் எல்லாரும் சோலியில்லாமல் இருக்கிறோமா? மெட்ராஸ்காரன் எழுதிவைத்ததுதான் சட்டம், மலைக்காரன் காதில் விழுவதெல்லாம் பைத்தியக்காரத்தனம், அப்படித்தானே?

ஏலே ஜெபதுரை, நான் எதற்கு இந்தக் குதி குதிக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் வீட்டுக்கு வருகிறார். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால், அவருடைய பெரிய வகுப்புப் பிள்ளைகள் முழுக்க எங்கள் முன்னறைக்கே வந்து அமலியிடம் கம்ப்யூட்டர் படிப்பார்கள். ஓடவில்லையென்றால் என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறுகிறாளாம். எங்கே தெரியுமா? மெட்ராசுக்கு. யாரிடம் வேலைக்கு? உன்னிடம்! "மாமா எப்ப வேணாலும் வாம்மான்னு சொல்லியிருக்காரு" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். துணிப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள், கம்பளிச் சட்டையை மட்டும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள், மெட்ராசில் அது வேண்டாமாம். அந்தச் சட்டையை நாற்காலியில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே ஒரு பிள்ளைடா. இவள் இறங்கிப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? உன் அக்காவோடு போட்டால் தோற்றுப்போகிறேன். ஓடாத மெஷினை அனுப்பி, ஓடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டுத்தானே இதைச் செய்தாய்? நான் உயிரோடு இருக்கிறவரை அது நடக்காது. இன்னொரு தடவை அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு இந்த மலையில் கால் வைத்துப் பார், அப்போது தெரியும் இந்தக் கஸ்பார் யாரென்று.

குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள். தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு, வீட்டில் சமாதானம் தங்கட்டும். தங்களுக்கு மட்டும் நான் ஆசீர்வாதம் சொல்வதாயில்லை, தங்கள் அக்கா சொல்லச் சொல்கிறாள், ஆகவே அவள் சார்பில் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மனம் நொந்த
ச. கஸ்பார்
(ஓய்வுபெற்ற தந்தி குமாஸ்தா)

பின்குறிப்பு: மைத்துனர் அவர்களே, மேலே உள்ளதில் தேதியும் முகவரியும் தங்கள் அக்காவின் ஆசீர்வாதமும் மட்டும் செல்லும். மற்றதைத் தாங்கள் படிக்காதது போல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உங்களைத் திட்டி எழுதி முடித்து, உறையை நாக்கில் தடவும் நேரத்தில், முன்னறையிலிருந்து ஒரே ஒரு குட்டைச் சத்தம் கேட்டது. நீளம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை எழுத்து. அமலி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் அந்தோனியார் சுரூபம் ஒன்று, சுண்டுவிரல் அளவுச் சிலை. புது வண்டி வந்தால் சீட்டுக்கு அடியில் வைப்போம், தையல் மெஷின் வந்தால் இழுப்பறையில் வைப்போம். இதற்குச் சீட்டும் இல்லை, இழுப்பறையும் இல்லை. சுரூபம் உள்ளே உருண்டு ஓடாமல் இருக்கட்டும் என்று அன்றைக்கு நான்தான் ஒரு அட்டையைச் சற்றே தூக்கி, அதற்கு அடியில் செருகி வைத்தேன். அது எந்த அட்டை என்று தாங்கள் போனிலேயே சொல்லிவிட்டீர்கள்.

அமலி சிரிக்கவில்லை. "அந்தோனியார் பத்திரமா இருக்காருப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். தங்கள் அக்காதான் இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதத்தைக் கிழிக்கலாம் என்றுதான் சனிக்கிழமை வரை வைத்திருந்தேன். கை வலிக்க எழுதிய கோபத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தாங்கள் பதறக் கூடாது என்று தந்தியும் கொடுத்தேன். அது முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். 'மெஷின் நலம், கடிதத்தை நம்பாதே' என்று வந்ததை வைத்து யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தேட வேண்டாம், இந்தக் கடிதத்தைத்தான் சொன்னேன்.

சிஸ்டர் வந்தார். பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளை அனுப்புவதாகச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "நடுவுல மெஷின் நின்னு போச்சுன்னா என்ன செய்வ அமலி?" என்று கேட்டார். இவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்ன நோவுன்னு அது சத்தம் போட்டுச் சொல்லும் சிஸ்டர். எங்க அப்பா காதுக்குத் தப்பாது. அவுங்க கேட்டுச் சொல்லுவாங்க, நான் சரி பண்ணிருவேன்" என்றாள். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

ஆகவே எத்தனை நீளத்துக்கும் எத்தனை குட்டைக்கும் என்னென்ன நோவு என்று, ஒன்று விடாமல் எழுதி அவசரமாக அனுப்பவும். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு டியூட்டி. டி.