பதுளைக்குக் கிரகிப்பு வந்த வரலாறு

ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளை வரை வந்து, மேற்கொண்டு வருவதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டு நிற்கிறது. மின்சார விளக்கும் வரவில்லை. ஆனால் கிரகிப்பு வந்துவிட்டது. ஊவா மாகாணத்துக்குள் அதைக் கொண்டுவந்தவன் தங்கராஜா என்கிற நான்தான். வருங்காலச் சரித்திரக்காரர்கள் இதைத் தேடி அலையக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிரகிப்பு என்றால் என்ன? பிள்ளை ஒரு பாடத்தை வாசிக்கும். வாசித்து முடித்ததும், அதே பாடத்தை ஏற்கனவே வாசித்துவிட்ட ஒரு பெரியவர், அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளையைக் கேட்பார். அதாவது, தெரிந்தவர் தெரியாதவர் மாதிரி கேட்கவேண்டும். இந்த அற்புத முறையைப் பற்றிக் கண்டியில் ஒரு பிரசங்கம் நடந்தது. பாதிதான் கேட்டேன். மழை வந்துவிட்டது. மீதிப் பாதியை ரயிலில் திரும்பி வரும்போது நானே கண்டுபிடித்தேன்.

ஊரும் தயாராகத்தான் இருந்தது. மேட்டின்மேல் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நடத்திவந்த பெண்கள் பாடசாலை, இனிமேல் கிரகிப்புப் பரீட்சையில் தேறும் பிள்ளைகளுக்கே இடம் என்று அறிவித்தது. என் அக்கா விசாலாட்சியின் மகள் பரிமளத்துக்கு அப்போது ஆறு வயசு. கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அத்தான் தர்மலிங்கம், வெற்றிலையை மடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"எடம் கெடச்சா இங்கேயே இருந்து படிக்கட்டும். கெடைக்கலன்னா பங்குனியில எங்கண்ணன் குடும்பம் ஊருக்குப் போவுது, அவங்களோட அனுப்பி விட்டுர்றேன். எங்கம்மாவுக்கும் ஒரு தொணையாச்சு."

ஊர் என்றால் கடல் தாண்டி, திருச்சிப் பக்கம். போன பிள்ளை கல்யாணத்துக்குத்தான் கண்ணில் படும். அக்கா பரிமளத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்த சடையை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து பின்னினாள்.

"கவலைப்படாதக்கா. கிரகிப்பு என் பொறுப்பு" என்றேன்.

பாடத்தை நானே இயற்றினேன். 'சோமன் ஒரு குடியானவன். அவனிடம் ஒரு பசு இருந்தது. அது தினமும் நான்கு படி பால் கறந்தது. அவனிடம் காளை இல்லை.' சுருக்கம், தெளிவு, கம்பீரம். பரிமளம் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கிரகிப்பைத் தொடங்கினேன்.

"சோமன்கிட்ட என்ன இருந்துச்சு?"

பரிமளம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு வேணும்?"

"யாருக்கும் வேணாம். சும்மா கேக்குறேன்."

"சும்மா கேக்குறவங்ககிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"சரி, பசு எவ்வளவு பால் கறக்குது?"

"ஏதோ கறக்குது மாமா. உங்க புண்ணியத்துல."

"காளை இருக்கா இல்லியா?"

"பண்டாரவளையில எறங்கிருச்சு. வண்டி வந்துகிட்டு இருக்கு."

இங்கே கடைவீதியின் 'தர்மத்தை' வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் கடைகளில் "இல்லை" என்ற சொல் வாயில் வரக்கூடாது. சொன்னால் லட்சுமி வெளியே போய்விடுவாள். மிளகாய் தீர்ந்துவிட்டால் "வண்டி வருது". உப்பு தீர்ந்துவிட்டால் "நாளைக்கு வாங்க". சரக்கு எவ்வளவு இருக்கிறது, எங்கே வாங்கினது என்று யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பவேண்டும். பரிமளம் தவழ்ந்த காலத்திலிருந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். சோமனின் பசுவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை அந்நியனிடம் சொல்லத்தான் மாட்டாள்.

பெரிய காரியங்களைத் தனி ஆளாகச் செய்வது நாகரிகம் அல்ல. ஆகவே 'கிரகிப்பு விருத்திச் சபை' ஒன்றை நிறுவினேன். காரியதரிசி நான். அக்கிராசனர், பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த மர்ஸூக் நானா. அங்கத்தினர், அத்தான். சபை அரிசி மூட்டைகளின் மேல் கூடியது. பாடத்தை எழுந்து நின்று வாசித்தேன்.

மர்ஸூக் நானா தாடியைத் தடவினார். "தம்பி, ஒத்தர்ட மாடு எவ்வளவு பால் தருதுண்டு நாலு பேருக்கு முன்னால கேக்கிறது மரியாதையா?"

"அது பாடத்துல உள்ள மாடு நானா."

"எங்க உள்ள மாடா இருந்தாலும் கண்ணு படும்."

அத்தானுக்கு வேறு சந்தேகம். "நாலு படிங்கிறானே, அது பொய்யி. நாலு படி கறக்குற மாட்ட வச்சிருக்கிறவன் மூணு படின்னுதான் சொல்லுவான். அப்ப இது ஆறு படி கறக்குற மாடா இருக்கும்."

"அப்பிடியெண்டா பெரிய கைதான்" என்றார் நானா, மரியாதையோடு. "அவர் எந்த ஊர், லுணுகலையா?"

நீண்ட விவாதத்துக்குப் பிறகு சபை ஏகமனதாகத் தீர்மானித்தது: மேற்படி சோமனின் பசு 'போதுமான அளவு' பால் கறப்பதாகத் திருத்தி வாசிக்கப்படவேண்டும், காளை விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படவேண்டும். கிரகிப்பின் வரலாற்றில் பிள்ளைக்குப் பதிலாகப் பாடத்தைத் திருத்திய முதல் சபை எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

பரீட்சைக்கு நாள் நெருங்கியது. நான் 'நேரடிப் பயிற்சி' என்ற புது முறையில் இறங்கினேன். பரிமளத்தைக் கடை வாசலில் நிறுத்தி, "இல்லை" என்று உரக்கச் சொல்லப் பழக்கினேன். முதலில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. பழகியதும் வெட்கமும் போய்விட்டது.

"சோமன்கிட்ட காளை இருக்கா?"

"இல்லை."

"குதிரை?"

"இல்லை."

"எதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமே இல்லை."

தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க நடந்து வந்த பெரியாயி, கூடையோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "பாவம், கடையே முடிஞ்சுபோச்சு போல" என்று கூட வந்தவளிடம் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். சாயந்தரத்துக்குள் தர்மலிங்கம் கடை நொடித்துவிட்டதாகக் கடைவீதி முழுக்கச் செய்தி. துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்தார்கள்.

"மாப்ளே" என்றார் அத்தான். "ஒங்க கிரகிப்ப பின்கட்டுல வச்சுக்கங்க."

பரீட்சை அன்று காலை, பரிமளம் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பழக்கப்படி நடப்பது என்று அவளுக்குக் குழப்பம். "மாமா, மிஸ்ஸியம்மா வாங்குறவங்களா, விக்கிறவங்களா?"

"ரெண்டும் கெடையாது. அவங்க கல்வியின் திருவுருவம்" என்றேன்.

குழப்பம் கூடியது. அப்போது அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "அவங்கதான்டி விக்கிறவங்க. நாம வாங்கப் போறோம். வாங்குறவங்க மனசுல உள்ளதச் சொல்லிக் கேக்கலாம், தப்பில்ல."

பரிமளத்தின் முகம் தெளிந்துவிட்டது. என் முறையின் பலன் அந்த நேரத்தில் வெளிப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

அக்கா, அத்தான், பரிமளம், நான் என்று நால்வருமாக மேடேறிப் போனோம். பாடசாலையின் பெரிய மிஸ்ஸியம்மா, தமிழைப் புஸ்தகத்தில் கற்றவர். பேசினால் பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கும். பாடம் இதுதான்: ஒரு சிறுமி ஆற்றங்கரைக்குப் போனாள். பசியோடு இருந்த ஒரு கிழவரைக் கண்டாள். தன் ரொட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

"சிறுமியே, அவள் எங்கே சென்றாள்?"

"ஆத்தங்கரைக்குங்க."

"அங்கே யாரைக் கண்டாள்?"

"பசியோட இருந்த தாத்தாவ."

"எவ்வளவு ஈந்தாள்?"

"பாதி ரொட்டிங்க."

"மற்றப் பாதியை என்ன செய்தாள்?"

"அது பாடத்துல சொல்லலீங்க. சொல்லாதத நாம எப்பிடிச் சொல்றது?"

மிஸ்ஸியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். என் கண் கலங்கியது. அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பிள்ளை மிகுந்த தெளிவுள்ளவள்" என்றார் மிஸ்ஸியம்மா. "ஸ்தானத்தைக் குறித்து ஆலோசிக்கப்படும். நாளைக்கு வாருங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பினார்.

அத்தான் படி இறங்கும்போதே பூரித்துப்போனார். "கேட்டீங்களா மாப்ளே, நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"வெற்றி, அத்தான்."

பரிமளம் அவள் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "எடம் இல்லைங்கிறாங்கம்மா."

நான் கண்டித்தேன். "எங்கடி இல்லைன்னாங்க? அந்த வார்த்தையே வரலியே. இவ்வளவு படிச்சுக் குடுத்தும் கிரகிப்பு வரலியே ஒனக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பரிமளத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆறு வயசுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை.

அத்தான் மறுநாள் போனார். ஆலோசனை நடக்கிறது, நாளைக்கு வாருங்கள். அதற்கு மறுநாள் நான் போனேன். ஆலோசனை முற்றுப்பெறும் தறுவாயில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள். மாசி முழுக்க நாங்கள் இருவரும் மாறி மாறி மேடேறினோம். மிஸ்ஸியம்மா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு மரியாதையான நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. இதற்கிடையில் அத்தானின் அண்ணன் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். பரிமளத்துக்கும் ஒரு சின்னத் தகரப்பெட்டி வந்தது. அக்கா அதைத் திறக்கவே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது பரிமளம் கேட்டாள்: "ஏம்மா, தோட்டத்து லயத்துலேருந்து வர்றவங்கள்ல சில பேரு, நாளைக்கு வாங்கன்னா போகவே மாட்டாங்கல்ல? ரொம்பத் தூரம் நடந்து வந்தோம்னு வாசல்லயே உக்காந்துருவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா உள்ள போயி எடுத்துட்டு வருவாரே."

அத்தானுக்குப் புரைக்கேறியது.

மறுநாள் காலை அக்கா தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, பரிமளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைவீதி வழியாக நடந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தத் தெருவில் ஆம்பிளைத் துணை இல்லாமல் நடந்ததில்லை. நான் குடையோடு பின்னால் ஓடினேன். துணை என்று சொல்லிக்கொள்ளத்தான். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடசாலைப் படியில் போய் உட்கார்ந்தாள். தூறல் பிடித்தது.

மிஸ்ஸியம்மா வெளியே வந்தார். "அம்மாளே, ஏன் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்? நாளைக்கு..."

"நீங்க ஆலோசிச்சு முடிங்கம்மா. நாங்க இருக்கோம்."

"அதற்குக் காலம் செல்லும்."

"செல்லட்டுங்க."

உள்ளே போனார். மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மிஸ்ஸியம்மா மறுபடி வந்தார். இப்போது புஸ்தகத் தமிழ் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

"உள்ளே ஓர் இடம் உண்டுதான். ஆனால் அது வேறொரு பிள்ளைக்கென்று குறிக்கப்பட்டுள்ளது."

நான் முன்னால் வந்தேன். "எந்தப் பிள்ளைங்க?"

"தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஐயாவின் பிள்ளை. நமது கூரைக்குத் தகரம் ஈந்தவர்."

"அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வரலீங்களே."

"அது மிகுந்த கிரகிப்புள்ள குடும்பம். ஆகவே தேறியதாகவே எண்ணப்பட்டது."

நான் தலையசைத்தேன். நியாயமாகத்தான் பட்டது. அக்கா உட்கார்ந்தபடியே கேட்டாள்: "பிள்ளைக்கு என்ன வயசுங்க?"

மிஸ்ஸியம்மா கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். "அடுத்த மாதம் பிறக்கும்."

அக்கா முக்காட்டில் விழுந்த தூறலை உதறினாள்.

"பொம்பளப் பிள்ளைதான்னு தெரியுங்களா?" என்றாள் அக்கா.

பெரிய மிஸ்ஸியம்மா வாய் திறந்தார், மூடினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்கள் பாடசாலையின் அந்தப் படியில் அன்றுதான் முதன்முறையாக ஒருவர் கிரகிப்பதை நான் நேரில் கண்டேன். பிறகு அவர் கதவை அகலத் திறந்துவிட்டார். பரிமளம் எழுந்து, பாவாடையில் ஒட்டின ஈரத்தைத் தட்டிவிட்டு, உள்ளே போனாள்.

சின்னத் தகரப்பெட்டியை அக்கா அத்தானின் அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கப்பல் பரிமளம் இல்லாமல் போனது. பெரிய கிளாக்கர் ஐயா வீட்டில் பிறந்தது ஆண்பிள்ளை. கற்கண்டு வந்தது; நாங்களும் சாப்பிட்டோம்.

அந்தப் பரீட்சையின்மேல் எனக்கு உள்ள மதிப்பு இன்றைக்கும் குறையவில்லை. கருவில் கிடந்த ஓர் ஆண்பிள்ளையைப் பெண்கள் பள்ளிக்கு வாசிப்பில் தேறவைத்த பரீட்சையை யாரால் குறை சொல்லமுடியும்? எங்கள் பரிமளத்திடம் அவர்கள் கண்ட ஒரே குறை, அவள் ஏற்கனவே பிறந்துவிட்டிருந்தாள் என்பதுதான்.