மூன்று வழிக்குப் பூட்டு

'http வழிக்கு அனுமதி இல்லை' என்று ஐந்தாவது தடவையாகத் திரையில் வந்ததும், அக்கா கீபோர்டை மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினாள். பக்கத்து இருக்கைக்காரன் தன் காபியைப் பத்திரமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அந்த மென்பொருள் அலுவலகத்தில் நாற்பது பேருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும் சேர்த்து. அவளுக்குக் கோபம் வந்தால் எதையெல்லாம் நகர்த்தி வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அப்பா மருத்துவமனையில் கிடந்தார். எட்டாம் கட்டில். அவர் தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் 'மூன்று' என்று விளக்கு எரிந்தது. நர்ஸ் ஓடிப் போய், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த மூன்றாம் கட்டில்காரரை எழுப்பி, என்ன வேண்டும் என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. அப்பாவுக்குத்தான் வேண்டியிருந்தது, அதுவும் அவசரமாக. விடிகாலையில் படுக்கையே நனைந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டவர்தான், அதன் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் தம்பி போனில் சொல்லிவிட்டு, கடைசியில், "உங்க கம்பெனி செஞ்ச பெல்லுதானே இது?" என்று கேட்டான்.

அவள் கம்பெனி செய்ததுதான். இன்னும் சரியாகச் சொன்னால், அவளே செய்ததுதான்.

நாலு மணிக்கு மருத்துவமனை டெக்னீஷியன் வரவேற்பறைக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் திருத்திய மென்பொருளை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த வாரம்தான். இன்னொரு வாரம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

எந்தப் பொத்தான் எந்தக் கட்டிலுக்கு உரியது என்று சொல்லும் எண் பட்டியல் மட்டும் கம்பெனியுடையது அல்ல. யாரோ ஒரு புண்ணியவான் எழுதித் தன் தளத்தில் இலவசமாக வைத்திருந்தார். அதன் புதுப் பதிப்பை இழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா உறுதியாக நம்பினாள். நிரல்களைப் பதிப்பு பதிப்பாகக் காத்து வைப்பதும், வெளியிலிருந்து கொண்டுவந்து தருவதும் கிட் என்கிற கருவியின் வேலை. நேற்று வரை அது நாலு வழியாகப் போய்வந்தது. இன்று காலை முதல் ssh என்ற ஒரே வழிதான். மற்ற மூன்றுக்கும் பூட்டு. புண்ணியவானின் தளத்துக்கோ http வழி ஒன்றைத் தவிர வேறு வாசலே கிடையாது.

பூட்டியவர் பாதுகாப்பு அதிகாரி. ஆபீஸில் அவருக்குப் பெயரே பூட்டு சார். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டு போட்டு வைப்பார் என்று பேச்சு. அது வதந்தி. டப்பா இருக்கும் அலமாரிக்குத்தான் பூட்டு.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "யாரைக் கேட்டு மூடுனீங்க?"

மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் மூடினேன் என்றார் பூட்டு சார். அந்த வழியில் வருவதை நடுவில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மறுமுனையில் இருப்பது யார் என்றே தெரியாது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"போன மாசம்கூட அங்கேருந்துதான் எடுத்தேன். என்ன, வானம் இடிஞ்சு விழுந்துடுச்சா?"

பூட்டு சார் சுற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் வரைக்கும் பொறுங்க அக்கா. கொஞ்சம் வெளிய வந்தீங்கன்னா ஒரு விஷயம்..." என்று இழுத்தார்.

"படுக்கை நனைஞ்சா நீங்க மத்தியானம் வரைக்கும் பொறுப்பீங்களா?"

இதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. பூட்டு சார் பெருமூச்சு விட்டு, சரி, வழியைத் திறக்க இதுதான் முறை என்று ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி, ஏன் வேண்டும். இரண்டாவது, இதே இடத்திலிருந்து முன்பு எடுத்தவர் யார். அக்கா அதை நாலாகக் கிழித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரன் பாவப்பட்டு, தன் சொந்த லேப்டாப்பில் பட்டியலை இறக்கி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அக்கா அதைச் செருகினாள். 'file வழிக்கு அனுமதி இல்லை' என்றது கிட். அவள் விடாமல் மறுபடி முயன்றாள். திரை செக்கச்செவேல் என்று சிவந்து, கணினி மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. இனி அதைத் திறக்க பூட்டு சாரிடம்தான் போக வேண்டும். அதற்கு வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

மணி பன்னிரண்டரை. தம்பி போன் செய்தான். மறுபடி ஏதோ ஆகியிருக்கிறது, புலம்புவான். கேட்டால் அழுகை வந்துவிடும். துண்டித்தாள். அவனும் சளைக்கவில்லை, கால் மணிக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் கோபம் ஒரு படி ஏறியது.

இரண்டு மணிக்கு மேலாளர் தன் அறையையும் கணினியையும் திறந்து போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். நாற்பது பேர் கணினிக்கும் பொதுவான அமைப்புக் கோப்பை அங்கிருந்து மாற்றலாம். அக்கா உள்ளே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். 'அனுமதித்த வழி: ssh' என்று இருந்தது. நியாயமானவள் என்பதால் அதை அழிக்கவில்லை. அதுவும் இருக்கட்டும், இதுவும் சேரட்டும் என்று கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'அனுமதித்த வழி: http.' கடைசி வரி எதுவோ அதுதான் சட்டம் என்று அந்தக் கோப்பு எடுத்துக்கொள்ளும் என்பது ஆத்திரத்தில் நினைவுக்கு வரவில்லை.

புண்ணியவானின் பட்டியல் மேலாளர் கணினியில் வந்து கொட்டிற்று. அதே நொடியில் ssh வழி அடைத்துக்கொண்டது. ஆபீஸில் ஒருவராலும் ஒரு வரியைக்கூட அனுப்ப முடியவில்லை. நாற்பது பேரும் எழுந்து, நேராக பூட்டு சார் மேசைக்குத்தான் போனார்கள். பூட்டுறதே பொழைப்பா உமக்கு என்று ஒருவன் கேட்டான். மூன்று மாத உழைப்பு குட்டிச்சுவர் என்று இன்னொருத்தி கத்தினாள். பூட்டு சார் தன் திரையில் எதையோ தேடினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் நாற்காலியில் இருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தப்புதான். அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்" என்றார்.

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. அன்று முழுவதிலும் அவளுக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது அப்போதுதான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, திருத்திய மென்பொருளைச் சிறு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடி இறங்கி ஓடினாள். போனில் தம்பியின் தவறிய அழைப்புகள் பதினான்கு. வரவேற்பறையில் டெக்னீஷியன் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்க டிஸ்க்கை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"அது வேணாம் மேடம். பெல்லெல்லாம் பன்னிரண்டு மணிக்கே சரியாயிடுச்சு. எட்டாம் கட்டில் பெரியவர் சும்மா சும்மா அமுக்கி, நர்ஸ் வராங்களான்னு பார்த்துச் சிரிச்சிக்கிட்டிருக்கார்."

அக்கா அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்தது. யார் சரி செய்தது என்று கேட்டாள்.

டெக்னீஷியன் பையிலிருந்து போன மாதத்து டிஸ்க்கை எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "உங்க பாதுகாப்பு அதிகாரிதான் எங்க புகாரைப் பார்த்துட்டு காலைலயே போன் பண்ணி, இதை எடுத்துட்டு அதுக்கு முந்தினதைப் போடச் சொன்னார். போன மாசம் http வழியா வெளியேருந்து வந்த பட்டியல்லதான் நம்பரெல்லாம் மாறிக் கிடந்துச்சாம், அதான் வழியையே அடைச்சுட்டாராம். அதை உள்ள கொண்டுவந்தது யாருன்னு நானும் மூணு தடவை கேட்டுப் பார்த்துட்டேன் மேடம், மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை."