சிவலைக்குப் பூசிய குறி

"சிவலையின்ர முகத்தைக் காட்டினது போதும், தம்பி. தொடைக் குறியை ஒருக்காக் காட்டு," என்றார் கனடாவிலிருந்து செல்லாச்சி அக்கா.

நெடுந்தீவில் கைப்பேசியோடு நின்ற தம்பிஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

அக்கா மகளோடு இருக்கப் புறப்பட்டபோது அவரை நம்பி விட்டுப்போன பசு சிவலை. போன கோடையில் அது செத்துவிட்டது. கன்றிலிருந்து அக்கா தன் கையால் பாலூட்டி வளர்த்த மாடு. தெரிந்தால் அக்கா அந்தக் குளிருக்குள் சாப்பிடாமல் படுத்துவிடுவார். அந்தப் பயத்தில், ஞாயிறுதோறும் பக்கத்து வளவு அரியநாயகத்தின் சிவப்புப் பசுவைக் காட்டிவந்தார். மாடு பொய், அக்காவின் சந்தோசம் மெய் என்று தனக்குத்தானே ஒரு தத்துவமும் சொல்லிக்கொண்டார்.

தத்துவத்துக்குக் குறி கிடையாது. நெடுந்தீவு மாட்டுக்கு உண்டு. தொடையில் சுட்ட குடும்பக் குறியை வைத்துத்தான் யாருடைய மாடு என்று சொல்வார்கள்.

"வெளிச்சம் காணாது அக்கா. வாற கிழமை காட்டுறன்."

அடுத்த ஞாயிறு, அரியநாயகத்தின் குறி வலது தொடையில் இருந்ததால், வெறுமையாய் இருந்த இடது தொடையில் அடுப்புக்கரியால் தங்கள் குடும்பக் குறியைக் கீறினார். பசு திரும்பி ஒரே நக்கில் அழித்தது. பிறகு தன் தலைக்குப் பூசும் கறுப்பு மையைக் குழைத்துப் பூசினார். அது அவர் தலையில்கூட அவ்வளவு நன்றாகப் பிடித்ததில்லை.

"ஓம், இப்ப வடிவாத் தெரியுது," என்றார் அக்கா. "நல்லாப் பாத்திருக்கிறாய் தம்பி." அவர் குரல் தழுதழுத்தது. தம்பிஐயாவும் அழுதுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அரியநாயகம் வந்தார். தம்பிஐயா அவசரமாகக் கைப்பேசியை அமர்த்திச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"என்ர மாட்டில உம்மட குறி எப்பிடி வந்தது?"

"சும்மா பூசினது அண்ணை. கழுவினால் போயிடும்."

சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். குறி இன்னும் மினுங்கியது.

"நான் ஊர் விதானையாரிட்ட முறையிடப் போறன்."

"என்னை மாட்டுக் கள்ளன் எண்டே சொல்லுங்கோ அண்ணை. சிவலை செத்தது மட்டும் அக்காவுக்குத் தெரியவேண்டாம்."

அரியநாயகம் பசுவைப் பார்த்தார். தம்பிஐயாவின் ஈரக் கண்ணையும் பார்த்தார்.

"சரி, மை போகுமட்டும் செல்லாச்சியின்ர மாடாவே நிக்கட்டும்."

அப்போது சட்டைப்பைக்குள்ளிருந்து அக்காவின் மகள் பிரியவதனியின் குரல் வந்தது. அவசரத்தில் அழைப்பு துண்டிக்கப்படவேயில்லை.

"பயப்படாதேங்கோ மாமா, அம்மா அப்பவே அறைக்குள்ள போயிட்டா, அவவுக்கு ஒண்டும் கேக்கேல்லை. இனி மாட்டுக்கு ஒண்டும் பூசவும் வேண்டாம். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய் ஒரு வருசமாகுது, உங்களுக்குத் தெரிஞ்சால் சாப்பிடமாட்டியள் எண்டுதான் கண் தெரியிற மாதிரிக் குறியைக் காட்டு, வாலைக் காட்டு எண்டு கேக்கிறவ."