ஓம் சொல்ல வைத்த சடக்குக் காக்கா

ஐம்பதுகளில் கல்முனையில் வளர்ந்த பிள்ளைகளின் வாயிலிருந்து, ‘ஆமாம்’ என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் ‘ஓம்’ என்ற சொல்லைப் பிடுங்குவதைவிட, கடலில் இறங்கிச் சுறாவைக் கையால் பிடிப்பது லேசு. எல்லாம் சடக்குக் காக்கா பார்த்த வேலை.

பிள்ளைகளுக்குக் கை பிசகினால், கழுத்துப் பிடித்தால், கால் சுளுக்கினால் எங்கள் ஊரில் அவர்தான் வைத்தியர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ! எலும்பு இடத்தில் விழும் சத்தமே, அண்ணனைக் கூப்பிடும் ‘காக்கா’வோடு சேர்ந்து பெயராகிவிட்டது. அவருடைய வைத்தியம் மிகவும் சுருக்கம். எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார்:

“வட்டிலாப்பம் தின்பியா புள்ள?”

“ஓ...”

சடக்! ‘ம்’ வருவதற்குள் ‘உம்மோவ்’ வந்துவிடும். ஆனால் கை நேராகியிருக்கும்.

“ஓம் எண்டு செல்லக்குள்ள ஒடம்பு எளகும். இல்ல எண்டு செல்லிப் பாருங்க, எலும்பும் சேந்து முறைக்கும்” என்பார்.

இந்த ரகசியம் பிள்ளைகளிடம் பரவியதும் ஊரே கெட்டது. ஒருநாள் நாங்கள் ஓதும் பள்ளியின் வாசலில் காக்கா வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே ஓதித் தரும் லெப்பை, “எல்லாரும் பாடமாக்கிட்டீங்களா?” என்று கேட்டார். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் “இல்ல!” என்றோம். முப்பது பேருக்கும் அடி விழுந்தது.

எட்டு வயதில் நான் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கை விலகிவிட்டது. என் வாப்பா போடியார். வயலும் பெரிது, குரலும் பெரிது. என்னைத் தூக்கிக்கொண்டு காக்காவிடம் ஓடினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வட்டிலாப்பம் தின்பியா, இறக்காமத்து யானையக் கண்டியா, பெருநாளைக்குப் புதுச்சட்டை வேணுமா என்று காக்காவும் கேட்டுப் பார்த்தார். ம்ஹும். கடைசியில் சோர்ந்துபோய், “நான் பொல்லாத ஆள், என்ன புள்ள?” என்றார்.

“ஓம்!” என்றேன், மனதார.

சடக்!

மூன்று கிழமை கழித்துக் கட்டு அவிழ்க்கப் போனோம். பிள்ளைகளோடு ஒரு கூட்டமே அங்கே காத்திருந்தது. காக்கா என் கையை மடக்கி நீட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பெருமையாகக் கேட்டார்: “கை நல்லமா புள்ள?”

நல்லம்தான். துளி நோவும் இல்லை. ஆனால் என் கை இன்னும் அவர் கைக்குள் அல்லவா இருந்தது! “இல்ல!” என்று கத்தினேன்.

“கை நேரா இருக்கு போடியார். புள்ள பயத்துல...”

“என்ட புள்ள பொய் செல்லுதா? கையப் பழுதாக்கிப்போட்டுக் கதைக்கிறியா?”

வாப்பாவின் குரல் சந்திவரை போனது. காத்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். “போடியார்ட மகள்ட கை போச்சாம்” என்று ஊர் கதைத்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். பொய்க்கு விழப்போகும் அடியை நினைத்து, நோகிறது என்றே நடித்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் காக்காவின் வாசலில் ஆளில்லை. மனைவியின் ஊரான இறக்காமத்துக்கே குடிபோக வண்டில் கட்டினார். எங்கள் வேலியோரமாக வண்டில் வந்தபோது, நான் கொய்யா மரத்தில் அதே வலது கையால் தொங்கிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டார். வாப்பா முற்றத்தில்தான் நின்றார். காக்கா ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. சிரித்தபடி, எனக்கு மட்டும் கேட்க, “கை நல்லமா புள்ள?” என்றார்.

வாயை இறுக மூடிக்கொண்டேன். வண்டில் போய்விட்டது.

அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். ஓம் காக்கா. நல்லம்.