முதல் ஆட்டத்துக்கு அக்கா வரலாமா

விஸ்கான்சின்,
மார்ச் 19

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய பெர்னிஸ் அக்காவுக்குத் தம்பி எல்மர் எழுதுவது. நானும் மார்லினும் சௌக்கியம். வாசலில் பனி முழங்கால் உயரம் கிடக்கிறது, அதுவும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பதினொரு வருஷம் கழித்து ஊருக்கு வருகிறாய், அதுவும் நம் ஹெரன்ஸ் அணியின் முதல் பேஸ்பால் ஆட்டத்துக்கு என் பக்கத்தில் உட்காரவே வருகிறாய் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்த வருஷம் ஜெயிக்கப்போவது நாம்தான், அக்கா. போன வருஷமும் இதையே எழுதினேன், தொண்ணூற்றெட்டு ஆட்டம் தோற்றோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்போது டெலானி என்று ஒருவன் வந்திருக்கிறான். இடது கைக்காரன். அவன் எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரிவதில்லையாம். என்னோடு முப்பது வருஷம் தபால் சுமந்த கஸ்ஸிடம், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆட்டம் ஆரம்பிக்கிற ஏப்ரல்ல எல்லாரும் ராஜாதாண்டா எல்மர். ஜூன்ல வந்து சொல்லு, கேக்கறேன்" என்றான். மனுஷனா அவன்.

இதற்கு நடுவில், அங்கே அணி பயிற்சி செய்யும் மைதானத்துக்கு நீ போய், டெலானியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்து அனுப்பினாயே, அது செவ்வாய்க்கிழமை வந்தது. ஆசையாகக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். புதன்கிழமை அவனுக்கு முழங்கை வீங்கிவிட்டது. நான் உன்மேல் பழி போடவில்லை. கிழமையை மட்டும்தான் சொல்கிறேன்.

சந்தேகம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா, நிலவறைக்கு இறங்கி, பந்துக்குப் பந்து பென்சிலால் குறித்த என் ஸ்கோர் அட்டைகளையெல்லாம் ஷூ பெட்டிகளிலிருந்து எடுத்துப் பரப்பினேன். நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது அறுபத்துமூன்று ஆட்டம். தோற்றது அறுபது. 1979-ல் கடைசி இன்னிங்ஸில் ஆறு ரன் முன்னால் இருந்தபோது, "இனிமே என்ன, ஜெயிச்சாச்சு, கிளம்பலாமா?" என்று கேட்டவள் நீ. எதிரணி ஏழு ரன் எடுத்தது. 1984-ல் பந்து எறிந்த நம் ஆள், ஒன்பதில் எட்டு இன்னிங்ஸாக ஒருவனையும் அடிக்கவிடவில்லை. அதை வாயால் சொன்னால் போச்சு என்று மைதானமே ஊமையாக உட்கார்ந்திருக்க, "இன்னும் ஒருத்தனும் அடிக்கலைல்ல?" என்றாய். அடுத்த பந்து மைதானத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த ஒரு காரின் மேல் விழுந்தது. கார் என்னுடையது.

ஆனால் நாம் கோப்பை வென்ற ஒரே ஒரு நாள், 1987-ல், நீ என் பக்கத்தில் இல்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மார்லினிடம் சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு, "கூடப் பொறந்தவள வராதேன்னு எழுதப் போறீங்களாக்கும்?" என்கிறாள்.

"வராதேன்னு யாரு சொன்னா? ரெண்டு நாள் கழிச்சு வான்னுதான் சொல்றேன்."

"அவ அந்த ஆட்டத்துக்குத்தாங்க வர்றா. எழுபத்தாறு வயசாகுது. இன்னும் எத்தன வருஷம் அந்த மைதானத்துப் படியெல்லாம் ஏறுவா?"

 நீ இல்லாத பதினொரு வருஷமும் உன் நாற்காலியில் யாராவது ஒருவன் உட்கார்ந்து சோளப்பொரி சிந்துவதைப் பார்த்து நான் பட்ட வருத்தம் எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் அக்கா, தயவுசெய்து ரெண்டே நாள் தள்ளி வா. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

உன் மூட்டுக்கும் டெலானியின் முழங்கைக்கும் கர்த்தர் சுகம் அருளட்டும்.

உன் தம்பி,
எல்மர்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மார்லினுக்குப் படித்துக் காட்டினேன். நிலவறைக்கு இறங்கிப் போய் 1987 அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இது யாரு கையெழுத்து?" உன் கையெழுத்து. நான் அன்று குடல்வால் அறுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தம்பிக்கு ஒரு பந்துகூட விட்டுப்போகக் கூடாது என்று மைதானத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து குறித்து, மறுநாள் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாய். கடைசிப் பந்தில் பென்சில் முனை உடைந்த தடம் இன்னும் இருக்கிறது. "தோத்த அறுபதுலயும் அந்த நாற்காலில உக்காந்திருந்தது யாரு?" என்று மார்லின் கேட்டாள். போய்க் குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன். படத்தில் டெலானியின் முழங்கை மேலேயே காந்தத்தை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஆகவே குறித்த தேதியிலேயே வா. என் நாற்காலியில் நீ உட்கார், உன்னுடையதில் மார்லின் இருப்பாள். நான் வெளியே காரில் இருக்கிறேன், இந்த முறை தள்ளி நிறுத்துகிறேன். இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். எனக்காக எல்லாவற்றையும் குறி. வாயை மட்டும் திறக்காதே.